பேசுக

நீதிமன்றக் கூடத்தின் நீளமான சுவர் போதாமல், வரைபடம் மூலை திரும்பி ஜன்னல் வரை போயிருந்தது. நீலக் கட்டங்கள், மஞ்சள் கட்டங்கள், கேள்வி கேட்கும் சாய்சதுரங்கள், எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு எறும்புச் சாரையாய் அம்புக்குறிகள். ஒரு வழக்கு மனுவாக உள்ளே நுழைந்து தீர்ப்பாக வெளியேறும் வரை படும் பாடு மொத்தமும் அங்கே இருந்தது. மலையடிவாரத்தில் நிற்பவர்களைப் போல எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள்.

வரைந்தவர் செயல்முறை நிபுணர். நிறுவனங்களில் வேலை எப்படி நகர்கிறது என்று படம் போட்டுக் காட்டி, வெட்டிச் சுற்றுகளை நறுக்குவது அவர் தொழில். நீதிமன்றத்தையும் அப்படியே வேகப்படுத்தச் சொல்லி மேலிடம் அனுப்பியிருந்தது. வந்த வாரமே வக்கீல்கள் அவருக்கு அம்புக்குறியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மாதிரிக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு தையல்காரம்மாவின் வழக்கு. கணவர் தவறிப்போனதும், ‘அண்ணன் கடை எனக்குத்தான்’ என்று கொழுந்தன் வழக்குப் போட, கடைக்குச் சீல் வைத்தாயிற்று. தையல் மெஷின்கள் உள்ளே, அவர் வெளியே. வாதமெல்லாம் முடிந்து, தீர்ப்புக்கு மட்டும் வாய்தா மேல் வாய்தா. வருடா வருடம் அவர் தைக்கும் பள்ளிச் சீருடை வேலை, இந்த மாதமும் கடை திறக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

‘பயனாளர்’ என்று சொல்லி அவரை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் அவருக்கு நாற்காலி கிடைத்தது அன்றுதான்.

“இதுக்குப் பேரு நீச்சல் பாதை” என்று தொடங்கினார் அம்புக்குறியார். “ஒவ்வொரு அலுவலருக்கும் ஒரு பாதை.”

“தண்ணி எங்க சார்?” என்றார் தையல்காரம்மாவின் வக்கீல்.

“சும்மா ஒரு உவமைங்க.”

“இல்ல, எங்க கட்சிக்காரங்க முங்கி ரொம்ப நாளாச்சு. அதான் கேட்டேன்.”

நீதிபதி தொண்டையைச் செருமினார். கூடம் அடங்கியது. அவர் செருமலுக்குத் தனியாகச் சட்டப்பிரிவு உண்டு என்று வெளியே பேச்சு.

தையல்காரம்மா எழுந்தார். “தம்பி, படம் ரொம்ப நல்லாயிருக்கு. இதுல என் கேஸ் கட்டு இப்ப எங்க இருக்கு?”

அம்புக்குறியாருக்கு முகம் மலர்ந்தது. விரலைச் சுவரில் வைத்து நடக்கத் தொடங்கினார். மனு, நோட்டீஸ், சாட்சி, வாதம், தீர்ப்பு எழுதுதல், தட்டச்சு, நீதிபதியின் மேசை. அங்கே கையெழுத்துக்குப் பதில் ஓர் அம்பு தலைமை எழுத்தரின் அறைக்குப் பாய்ந்தது. அதன் மேல் அழகான எழுத்தில் ‘பேசுக’ என்றிருந்தது.

கோப்பில் ஏதாவது சந்தேகம் வந்தால் நீதிபதி ஓரத்தில் அப்படி எழுதி அனுப்புவார். தலைமை எழுத்தரின் அறையில் கட்டம் சொன்னது: ‘அழைப்புக்குக் காத்திருத்தல்.’ அங்கிருந்து அம்பு நீதிபதி அறைக்குத் திரும்பியது. அங்கே கட்டம் சொன்னது: ‘வருகைக்குக் காத்திருத்தல்.’ விரல் ஒரு சுற்றுச் சுற்றியது. நிற்க இடமில்லாமல் மறுபடி சுற்றியது. செக்குமாடு சுற்றினாலாவது எண்ணெய் மிஞ்சும். இரண்டு அறைக்கும் நடுவே ஒரே சுவர். சுவருக்குக் காது உண்டு என்பார்கள், வாய்தான் இல்லாமல் போயிற்று.

எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். தங்கள் நீதிமன்றத்தின் உள்ளுறுப்பை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

“நான் எழுதினா நீங்க வரவேண்டாமா?” என்றார் நீதிபதி.

தலைமை எழுத்தர் கைகட்டினார். “பேசச் சொல்லித்தாங்கய்யா எழுதியிருந்துச்சு. வரச்சொல்லி இல்லீங்களே.”

“நடுவுல ஒரு ஒருங்கிணைப்புக் குழு போட்டு, கூடவே ரெண்டு கட்டம்...” என்று பென்சிலை எடுத்தார் அம்புக்குறியார்.

“எய்தவங்க இங்கயே இருக்காங்க, அம்பை ஏன் சார் நோகடிக்கிறீங்க?” என்றார் வக்கீல்.

“ஐயா,” என்றார் தையல்காரம்மா, “இப்பதான் ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருக்கீங்களே. பேசிடுங்களேன்.”

கட்டு வந்தது. நீதிபதி தன் கையெழுத்தைத் தானே உற்றுப் பார்த்தார்.

“நான் என்ன பேசணும்னு எழுதினேன்?”

“ஐயா சொல்வீங்கன்னுதான் இருந்தேன்.”

நீதிபதி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உதடசைய வாசித்தார். திருப்பி ஒருமுறை புரட்டினார். “ஒண்ணுமில்லையே!” என்றபோது, அத்தனை வருடப் பதவியும் இறங்கிப்போய், மாயவித்தை பார்த்த பிள்ளையின் முகம் அவருக்கு வந்திருந்தது. பேனாவைத் திறந்து கையெழுத்திட்டார். “கடை அந்தம்மாவுக்குத்தான். சீலை எடுத்துடுங்க.”

கூடத்தில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. “அடுத்த வாய்தா எப்பங்கய்யா?” என்று பழக்க தோஷத்தில் கேட்ட வக்கீல், பிறகு மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார்.

“இந்த மாதிரி ‘பேசுக’ இன்னும் எத்தனை இருக்கு?” என்றார் நீதிபதி.

“ரெண்டு அலமாரி நிறைய இருக்குங்கய்யா.”

நீதிபதி எழுந்தார். தம் அறைக்குப் போய், அதற்கும் தலைமை எழுத்தர் அறைக்கும் இடையே இருந்த கதவைத் தாமே தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். ‘வருகை’ என்ற கட்டத்தை இப்போது எந்தப் பாதையில் வரைவது என்று தெரியாமல் அம்புக்குறியார் பென்சிலோடு நின்றார்.

மறுநாள் காலை கடை வாசலில் நீதிமன்றச் சேவகர் சீலைத் தடவித் தடவிப் பார்த்தார். “வெச்சுத்தாம்மா பழக்கம். எடுத்துப் பழக்கமில்ல.”

தையல்காரம்மா தன் கத்தரிக்கோலால் அதை அறுத்தார். ஷட்டர் முனகி ஏறியது. தூசிக்கு அடியில் மெஷின்கள் இருந்தபடியே இருந்தன. ஒன்றின் ஊசிக்குக் கீழே ஒரு சின்னச் சீருடைச் சட்டையின் கை, பாதித் தையலில். அவர் உட்கார்ந்து, ஊதி, மிதியில் கால் வைத்தார். பாதியில் நின்ற தையல் அடுத்த புள்ளிக்கு நகர்ந்தது.

எத்தனையோ கதவுகளை மூடிய சேவகர், திறந்தால் உள்ளே இப்படி இருக்கும் என்று தெரியாதவராய், வாசலை அடைத்துக்கொண்டு வாய்பிளந்து நின்றார்.

“அண்ணே, கொஞ்சம் நகருங்க” என்றார் தையல்காரம்மா தலை நிமிராமல். “வெளிச்சத்த மறைக்கிறீங்க.”