மெஷின் போகும் வழி

நகரத்துக் காற்றை அளக்க ஒரே ஒரு மெஷின். அது நகராட்சி வாசல் கம்பத்தில் இருந்தது. அதில் எண் குறைந்தால் நகரத்துக்கு விருது. அதற்காக அதிகாரி ஊர்க் காற்றையா சுத்தம் செய்வார்? அவருக்கு வேறு வேலை இல்லையா? மெஷின் இருக்கும் இடத்தைத் தண்ணீர் லாரி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அந்தத் தெருவில் வேறு வண்டி வரக் கூடாது, குப்பை எரியக் கூடாது என்று உத்தரவு போட்டார். கம்பத்தடியில் மட்டும் காற்று ஜம்மென்று இருந்தது.

மெஷினைப் பராமரிக்கும் மெக்கானிக்கின் வீடு குப்பைமேட்டை ஒட்டி. அந்தப் புகையில் அவர் மகளுக்கு ஓயாத இழுப்பு. படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தபடியே தூங்குவாள். மெஷினைத் துடைக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். இரும்புப் பெட்டிக்கு இருக்கிற கொடுப்பினை பெற்ற பிள்ளைக்கு இல்லையே.

ஒருநாள் மகளைக் கம்பத்தடிக்கு அழைத்து வந்தார். அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். அதிகாரி பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"பாப்பா மூச்சு விட்டா ரீடிங் ஏறிடும்யா. கூட்டிட்டுப் போ."

"மூச்சு விடாம எப்படி சார் இருக்கும்?"

"வீட்டுல போய் விடச் சொல்லு."

சரி என்றார் மெக்கானிக். அதிகாரி தலை மறைந்ததும் திருகாணிகளைக் கழற்றி, மெஷினை மகள் மடியில் வைத்து, ஸ்கூட்டரை வீட்டுக்கு விட்டார்.

பின்னாலேயே லாரி வந்தது. "மெஷினைச் சுத்தணும்னுதான் உத்தரவுண்ணே, கம்பத்தை இல்ல" என்றார் டிரைவர். போலீஸ்காரரும் தடுப்புக் கம்பிகளைத் தூக்கிக்கொண்டு வந்து தெருவை மறித்தார். உத்தரவுப்படி குப்பைமேட்டு நெருப்பையும் அணைத்தார்கள். அதிகாரி போனில் கூப்பிட்டு, ரீடிங் பிரமாதம் என்று பாராட்டினார். மெஷின் எங்கே என்று அவர் கேட்கவே இல்லை.

மத்தியானம் மகள் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினாள். மெக்கானிக்கின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்போது பின்தெருப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். அவள் தோளில் கிடந்த குழந்தைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, இங்க எரிக்கற குப்பைய இப்ப எங்க தெருவுல கொட்டி எரிக்கறாங்க. நாளைக்கு அந்த மெஷினை எங்க தெருவுல வைக்கறீங்களா?"

மெக்கானிக் உள்ளே திரும்பி மகளைப் பார்த்தார்.

"மெஷின் வந்தா லாரியும் உங்க தெருவுக்கு வந்துடும்மா. இங்க மறுபடியும் குப்பைய எரிப்பாங்க."

"தெரியும்ணே. அதனாலதான் கேக்கறேன்."