கோட்டுக்கு வெளியே வந்த கை

தென்கொரியாவின் பூசான் துறைமுக மீன் ஏலக்கூடத்தில் யாரும் வாயால் விலை கேட்பதில்லை. ஏலக்காரர் ராகம் போட்டுக் கத்துவார். வியாபாரிகள் கோட்டின் முன்மடிப்பைத் தூக்கி, அதன் மறைவில் விரல் காட்டுவார்கள். ஒரே கையில் ஒன்பது வரைக்கும் சைகை உண்டு. பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. ஏலக்காரர் கண்ணுக்கு மட்டும் தெரியும். காட்டிய விரல் காட்டியதுதான். தப்பாகக் காட்டிவிட்டேன் என்று அழுதாலும் மீன் உன்னுடையது.

அப்படிப்பட்ட இடத்தில் பாங் மால்சுன்னுக்கு வலது கையில் பார்க்கின்சன் நடுக்கம் வந்தது. மூன்று காட்டப் போன கை உதறி எட்டு காட்டிவிட, கானாங்கெளுத்தி ஒரு குவியல் அநியாய விலைக்கு அவள் தலையில் விழுந்தது. காசைக் கட்டி எடுத்துக்கொண்டாள். "அக்காவோட கை தனியா யாவாரம் பண்ணுதுய்யா" என்றான் பக்கத்தில் நின்ற வியாபாரி கு பான்சொக். அவள் வீட்டுக் கல்யாணத்தில் வயிறு முட்டத் தின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஏலக்காரர் தாக்கின் பார்வை அவள் பக்கம் வந்தால் நிற்காது. காலிப் பெட்டியைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போய்விடும்.

மால்சுன் ஐந்தாவது பெண். இனிப் பெண்ணே வேண்டாம் என்று வைத்த பெயர் அது. பிறந்த அன்றே போதும் என்று சொல்லப்பட்டவளை, பாதியில் போகச் சொன்னால் போய்விடுவாளா?

அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். மூளைக்குள் இரண்டு மெல்லிய கம்பிகள். காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் சின்னப் பெட்டி ஒன்று. சட்டைப் பையில் ரிமோட். மின்சாரத்தைக் குறைத்து வைத்தால் பேச்சு தெளிவாக இருக்கும், கை கொஞ்சம் ஆடும். கூட்டி வைத்தால் கை கல்லாக நிற்கும், நாக்கு தடித்துக் குழறும். இரண்டும் சேர்ந்து கிடைக்க டாக்டரும் எத்தனையோ முறை மாற்றிப் பார்த்துவிட்டார். "எது வேணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்" என்று கடைசியில் ரிமோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

ஏலக்கூடத்தில் ஒரு விதி உண்டு. வருடம் முழுக்க எதுவும் எடுக்காதவர் எண் போட்ட தொப்பியைத் திருப்பித் தர வேண்டும். மால்சுன்னின் வருடம் இன்றோடு முடிகிறது. அவளுடைய அறுபத்தொன்றாம் எண்ணைத் தன் மருமகனுக்குக் கேட்டு பான்சொக் வியாபாரிகள் சங்கத்தில் சொல்லியும் வைத்துவிட்டான்.

விடிகிற நேரத்தில், கூடத்தின் வாசலில் வைத்து அவள் ரிமோட்டை எடுத்தாள். மகள் தாசோல் தடுத்தாள்.

"அம்மா, வேணாம்மா. நீ குழறினா குடிச்சிருக்கேன்னு சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். வெல கேக்கப் போறது நாக்கா, வெரலாடி?"

"தாக் மாமா உன் கையப் பாக்கவே மாட்டாரே!"

"பாக்க வைக்கிறேன்."

பொத்தானை அழுத்தினாள். கை மெல்ல அடங்கியது. உள்ளே நுழைந்ததும் பான்சொக் தொடங்கிவிட்டான். "என்னக்கா, தொப்பியக் குடுக்க நீங்களே வந்துட்டீங்களா?"

"ப்போ...டா" என்றாள்.

"அடேயப்பா! காலைலயே ஒரு பாட்டிலா?"

தாசோல் முன்னால் பாய்ந்தாள். மால்சுன் மகளின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். பிடித்த கை ஆடவில்லை. தாசோல் அதைப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

முதல் குவியல் வாளை மீன். மால்சுன் கோட்டுக்குள் விரல் காட்டினாள். தாக்கின் கண் தாண்டிப் போனது. அடுத்தது கணவாய். அதற்கும் தாண்டியது. தப்பு விரலால் ஒரு தகராறு வந்தால் தன் வேலை போகும் என்று அந்த மனிதருக்குப் பயம். அவருடைய பயத்துக்கு இவள் தொப்பி பலி. இதற்குப் பெயர் நியாயமாம்!

கடைசிக் குவியல் கானாங்கெளுத்தி.

மால்சுன் கோட்டைக் கழற்றித் தாசோல் மேல் எறிந்தாள். ஐஸ் பெட்டிகளைத் தாண்டி நேராகத் தாக்கின் முகத்துக்கு முன்னால் போய் நின்று, கையைத் தூக்கினாள். மூன்று விரல். மறைவில்லை, மடிப்பில்லை. விலையைத் திறந்து காட்டினால் எவனும் ஒன்று கூட்டிக் கேட்டு அடித்துவிடலாம் என்று நேற்று வந்தவனுக்குக்கூடத் தெரியும்.

ராகம் அறுந்தது. தாக் அந்தக் கையைப் பார்த்தார். கூடமே அந்தக் கை எப்போது எட்டாகும் என்று காத்துக் கிடந்தது. உருகிய ஐஸ் தண்ணீர் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது. மூன்று மூன்றாகவே நின்றது.

தாக்கின் கண் சட்டென்று பான்சொக் பக்கம் போய்த் திரும்பியது. அவன் கூட்டிவிட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. மடங்கியிருந்த விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக, எல்லோரும் பார்க்கும்படி விரித்தாள். ஐந்து. அந்த மீனுக்கு அது கொஞ்சம் அதிகம்தான். தெரிந்தே காட்டினாள்.

பான்சொக் கோட்டு மடிப்பைக் கீழே விட்டான்.

"அறுபத்தொண்ணு!" என்று கத்தினார் தாக். அவர் குரல்தான் நடுங்கியது.

மால்சுன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒரு மீன் பெட்டி மேல் உட்கார்ந்தாள். ரிமோட்டை எடுத்துக் குறைத்தாள். தாசோல் காகிதக் கோப்பையில் காபி கொண்டுவந்து கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் காபி தளும்பி முழங்கை வரை வழிந்தது. வழியட்டும் என்று குடித்தாள். உதட்டைக் குவித்து "பா, பா, பாங், பான்சொக்" என்று சொல்லிப் பார்த்தாள். சுத்தமாக வந்தது.

"எங்கம்மா கெளம்பிட்ட?" என்றாள் தாசோல்.

"கை வேலை முடிஞ்சுது. இனி நாக்கோட மொற" என்று எழுந்தாள் மால்சுன். "டேய் பான்சொக்! ஓடாத, நில்லுடா! காலைல என்னமோ பாட்டில்னு சொன்னியே, இப்ப சொல்லு!"