வக்கீல் வாயைக் கட்டிய கதை

வக்கீலின் வாய் இடது பக்கம் தொங்கிப்போனதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையதுதான். கடைவாய்ப் பல்லில் ஒரு துண்டு உடைந்துவிட்டதென்று வந்தான். ஞாயிற்றுக்கிழமை. உதவிக்கு ஆள் இல்லை. அவனுக்காகவே கிளினிக்கைத் திறந்தேன். ஒரு ஊசி போட்டால் மரத்துப்போகும்வரை பொறுக்க வேண்டும். இது எங்களுக்குத் தலையில் குட்டிச் சொல்லித்தந்த பாடம். நான் பொறுக்கவில்லை. இன்னொன்றையும் போட்டேன். உதடு, நாக்கு, தாடை மூன்றும் சேர்ந்து லீவில் போய்விட்டன.

என் பதற்றத்துக்குக் காரணம் பல் இல்லை. அவன் வாடகை வீட்டு ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. தொடர்கிறானா, காலி செய்கிறானா என்று நாளைக்குள் வீட்டுக்காரருக்குச் சொல்லியாக வேண்டும். ஒன்றரை வருஷமாக நாங்கள் பழகுகிறோம். வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு வருவான், திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போவான். மற்ற நாட்களிலும் அவன் என் வீட்டிலேயே இருந்தால் என்ன என்பது என் ஆசை. அதை நான் கேட்ட லட்சணம் இப்படி:

"என் அலமாரியில பாதி சும்மாதான் கிடக்கு. வாடகைக்கு வர்றியா?"

"நிபந்தனையெல்லாம் பார்த்துட்டுச் சொல்றேன்" என்பான், ஒரு புன்சிரிப்போடு. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். நானோ தூண்டிலையே விளையாட்டுக்குப் போடுகிறவன். ஜோடிப் பொருத்தம் பிரமாதம்.

இன்று அவன் வாய் நிறையப் பஞ்சும் எச்சில் உறிஞ்சும் குழாயுமாக மல்லாந்து கிடந்தபோது எனக்கு வீரம் வந்தது. "என் வீட்டுக்கே வந்துடேன்" என்றேன். ஜோக் கலக்காமல் கேட்டது அதுதான் முதல் தடவை. பதில் வர வழியே இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டேன்.

அவன் கண்கள் அகல விரிந்தன. "ஆஆ... ஹ்ஆ..." என்றான்.

"பேசாத, பேசாத. அடைப்பு இன்னும் முடியல" என்று அடக்கிவிட்டேன். பல்லை அடைத்து முடித்து அவனை எழுப்பி உட்காரவைத்தேன். அவன் வாயைத் திறப்பதற்குள் வெளியே கதவைத் தட்டும் சத்தம்.

அக்கா. கையில் பெட்டி.

ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் அவளை வரச்சொல்லியிருந்தேன். வக்கீலை முதன்முதலாகக் காட்டுவதாக ஏற்பாடு. அவள் முந்தின பஸ்ஸைப் பிடித்து, என் வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்து, நேராக இங்கே வந்துவிட்டாள். என்னைப் பற்றி வீட்டில் முதலில் தெரிந்தவள் அவள்தான். அன்றைக்கு அவள் கேட்டது ஒரே கேள்வி: "ஆளு யாருடா, நல்லவனா?" ஆள் யாரும் இல்லை என்று சொல்வதற்குத்தான் எனக்கு அவமானமாக இருந்தது.

"இவருதானா?" என்றாள், அவனை ஏற இறங்கப் பார்த்து. அவள் தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியை. அந்தப் பார்வைக்கு வக்கீலே எழுந்து நின்றுவிட்டான்.

"வணக்கங்க்ஹா" என்றான். உதட்டோரத்தில் எச்சில் ஒரு கோடாக இறங்கியது.

"என்னடா பண்ணித் தொலைச்ச இந்தப் பிள்ளையை?"

"வக்கீல் ஃபீஸ் வாங்காம வாயை மூடினா எப்படி இருக்கும்னு பார்க்க ஒரு ஆராய்ச்சி..."

"உன்னைக் கேட்கல." அவள் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். "தம்பி, நான் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதவ. இவனோட எதுவரைக்கும் இருக்கறதா உத்தேசம்?"

அவன் அவசரமாகப் போனை எடுத்துத் தட்டச்சு செய்யப் போனான். அக்கா கையை நீட்டித் தடுத்தாள்.

"எழுத்துல எல்லாம் வேணாம். அதை நாளைக்கு மாத்திப் பேசுவீங்க, உங்க தொழில் அது. வாய் சரியாகட்டும், உட்கார்ந்திருக்கேன்."

"அக்கா, அதுக்கு ரெண்டு மணி நேரமாவது ஆகும்."

"ஆகட்டும். எனக்கென்ன, பள்ளிக்கூடமா இருக்கு?"

நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். சுவர்ப் படத்தில் ஒரு பெரிய பல் சிரித்துக்கொண்டிருந்தது. அமைதி எனக்கு ஆகாது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதை அளவுக்கு மீறி நம்பி வளர்ந்தவன் நான். ஞானப்பல்லைப் பற்றி ஒரு ஜோக் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு மாமியாரின் பல்செட்டைப் பற்றி அடுத்ததை ஆரம்பித்தேன்.

"டேய்" என்றாள் அக்கா. "ஊசி இன்னும் மிச்சம் இருக்கா? நீயும் ஒண்ணு போட்டுக்கோ."

வக்கீல் சிரித்தான். பாதி முகத்தால்தான். ஆனால் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தான். எனக்கு லேசாகப் பொறாமை.

அப்புறம் நான் பேசவில்லை. ஜன்னலில் வெயில் இறங்கியது. அக்கா கண்ணயர்ந்தாள். அவன் தாடையைத் தடவியபடி இருந்தான். பேசாமல் இருக்கும்போது அவன் முகம் எவ்வளவு களைத்திருக்கிறது என்பதை இத்தனை நாள் நான் கவனித்ததே இல்லை. கவனிக்க நான் எங்கே விட்டேன்?

"குறுகுறுன்னு இருக்கு" என்றான் திடீரென்று, மெல்ல.

"உணர்வு வருது. நல்லதுதான்."

"உன்கிட்ட ஒண்ணு கேட்கணும். முன்னாடி ஒருத்தன் வீட்டுக்கு வான்னு கூப்பிட்டான். பெட்டியோட போய் நின்னேன். 'அட, விளையாட்டுக்குச் சொன்னேன்பா'ன்னான்." எச்சிலை விழுங்கினான். "நீ எப்பவுமே விளையாட்டுக்குத்தான் கேட்கிற. அதான் நானும் விளையாடிட்டே நழுவினேன். நாற்காலியில வச்சு இன்னைக்குக் கேட்டியே, அது எப்படி?"

நாக்கு நுனியில் ஒன்றல்ல, மூன்று ஜோக் வந்து நின்றன. மூன்றும் நல்ல ஜோக்குகள். அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்திருந்தாள்.

"நிஜமாத்தான் கேட்டேன்" என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "நீ பதில் சொல்ல முடியாதப்பவா பார்த்துக் கேட்டேன். நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இப்பக் கேட்கறேன். வந்துடு. என்கூட இரு."

வக்கீல் உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"வரேன்" என்றான். "நாளைக்குக் காலையில வீட்டுக்காரர்கிட்ட காலி பண்றேன்னு சொல்லிடறேன்."