தேதி சொல்கிறவர்

எங்கள் முதலாளி சின்னுசாமிக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. நல்ல மனிதர். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். பாடி இல்லாத வெறும் சேசிஸை ஓட்டிக்கொண்டு யார் வந்து நின்றாலும், எந்தத் தேதியைக் கேட்டாலும், "ஆச்சுங்க, பண்ணிப்போடலாமுங்க" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். அந்தத் தேதிக்கு வண்டி முடியாதபோது வருகிற வசவெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிற சுகன்யாவுக்கு, அதாவது எனக்கு. பதினான்கு வருடமாக வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

லாரிக்காரர்கள் புது வண்டியை நல்ல நாளில்தான் எடுப்பார்கள். நல்ல நாள் ஊருக்கெல்லாம் ஒன்றுதானே? ஆக ஒரே முகூர்த்தத்துக்கு ஐந்து பேர் வந்து கேட்பார்கள். ஐந்து பேருக்கும் "ஆச்சுங்க". முடிவதோ இரண்டு வண்டி. அந்த நாள் விடியும்போது முதலாளி ஊரில் இருக்க மாட்டார், மேச்சேரிக்கு ஆடு பார்க்கப் போய்விடுவார். இத்தனை வருடத்தில் ஒரு குட்டி ஆடு வாங்கி வந்து நான் பார்த்ததில்லை.

போன ஆவணி முகூர்த்தத்தன்று ராசிபுரத்துப் பக்கமிருந்து அர்த்தநாரி என்பவர் குடும்பத்தோடு வேன் வைத்துக்கொண்டு வந்தார். முட்டை ஏற்றுவதற்கு அவர் வாங்கிய முதல் லாரி. மாலை, எலுமிச்சம்பழம், பூசணிக்காய் எல்லாம் கையில். லாரி பெயின்ட் ஏறாமல், அடிப்பூச்சான பிரைமர் மட்டும் அடித்தபடி சாம்பல் நிறத்தில் நின்றது. அவர் மனைவி கண்ணாத்தாள் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து, மாலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து என்னைப் பார்த்து, "தேதி சொன்னவரு எங்கீங்க அம்மணி?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் காதில் வாங்காமல் விட்டிருப்பேன். இதை விட முடியவில்லை.

இந்த நிலையில்தான் எனக்கு நிர்வாகவியல் படிப்பு வந்து சேர்ந்தது.

உண்மையில் படிப்பு எனக்கு வரவில்லை, முதலாளி மகன் கௌசிக்குக்கு வந்தது. அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். டிப்ளமோவைப் பாதியில் விட்டவன். ஜாதகத்தோடு கொடுக்கிற தாளில் படிப்பு என்ற இடத்தில் ஏதாவது போட வேண்டும் என்று, வணிக நிர்வாகத்தின் அடிப்படைகள் என்ற பன்னிரண்டு வார ஆன்லைன் வகுப்பில் முதலாளி அவனைச் சேர்த்துவிட்டார். வாரம் மூன்று நாள், மாலை நான்கு மணிக்கு. கௌசிக் கெட்டவன் இல்லை. வெல்டிங் கம்பியைக் கையில் கொடுத்தால் சாப்பாடு மறந்து வேலை பார்ப்பான். ஆனால் லேப்டாப் முன்னால் பத்து நிமிடம் உட்காரச் சொன்னால் முள்ளின் மேல் உட்கார்ந்தவன் போல நெளிவான்.

முதல் வாரமே, "அக்கா, கொஞ்சம் இத ஓட விட்டுட்டு உக்காந்திருங்க. கேமரா வேண்டாம், பேச வேண்டாம். பேர் கூப்பிட்டா மட்டும் ஸ்கிரீன்ல இருக்கற கை பொம்மையை அமுக்கிப்போடுங்க" என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்கு ஓடிவிட்டான்.

சரி, ஓடுகிறது ஓடட்டும் என்று ஒரு காதைக் கொடுத்தேன். மறுவாரம் இரண்டு காதையும் கொடுத்தேன். மூன்றாம் வாரம் நோட்டு வாங்கினேன்.

பிரவீனா மேடம் என்று ஒருவர் பாடம் எடுத்தார். திட்டமிடுவது, ஆளுக்கு ஆள் வேலையைப் பிரிப்பது, நடக்கிறதா என்று பார்ப்பது. இதிலென்ன இருக்கிறது, வீட்டில் சமைக்கிறவளுக்குத் தெரியாததா என்று முதலில் அலட்சியமாகத்தான் இருந்தது. ஐந்தாம் வாரம் அவர் ஒன்று சொன்னார். "வேலை முழுக்க எந்த இடத்துல நெரிசலாகி நிக்குதுன்னு பாருங்க. அந்த இடம் எவ்வளவு தாங்குமோ, உங்க மொத்தத் தொழிலும் அவ்வளவுதான் தாங்கும்." நான் எழுந்து வெளியே போய்ப் பார்த்தேன். மர வேலைக்கு எட்டுப் பேர், தகட்டு வேலைக்கு ஆறு பேர். பெயின்ட் அடிக்க அன்பரசு ஒருவர், ஒரு ஷெட், அதில் ஒரு நேரத்தில் நிற்பது ஒரு வண்டி. ஒரு வண்டிக்கு ஆறு நாள். முகூர்த்தத்துக்கு முந்தின இரண்டு வாரத்தில்தான் எல்லா வண்டியும் அங்கே வந்து சேரும். ஆக இரண்டுதான் முடியும். பதினான்கு வருடம் தினமும் அந்த ஷெட்டைத் தாண்டித்தான் கழிப்பறைக்குப் போகிறேன். ஒரு நாளும் கணக்குப் போட்டதில்லை. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

ஏழாம் வாரம் அதிகாரமும் பொறுப்பும். "பொறுப்பை ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டு, அதிகாரத்தை இன்னொருத்தர் வச்சுக்கிட்டா அதுக்குப் பேர் நிர்வாகம் இல்லை. திட்டு வாங்குறதுக்கு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வச்சிருக்கோம்னு அர்த்தம்" என்றார் மேடம். எனக்கு முகத்தில் தண்ணீர் அடித்ததுபோல் இருந்தது. உங்கள் தொழிலில் அப்படி ஒருவர் இருந்தால் அவரைப் பற்றி எழுதி அனுப்புங்கள் என்று வீட்டுப்பாடமும் கொடுத்தார்.

எழுதினேன். கௌசிக் எழுதுவதுபோலவே எழுதினேன். 'எங்கள் பட்டறையில் சுகன்யா என்று ஒரு அம்மா இருக்கிறார்' என்று ஆரம்பித்தேன். என்னை நானே தள்ளி நின்று பார்ப்பதில் ஒரு வேகம் வந்துவிட்டது. 'தேதி சொல்கிறவர் என் அப்பா. பதில் சொல்கிறவர் அந்த அம்மா' என்று எழுதினேன். அன்பரசுவின் ஷெட்டை எழுதினேன். கண்ணாத்தாளின் மாலையை எழுதினேன். கை நிற்கவில்லை, மேச்சேரி ஆட்டையும் எழுதிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் நெஞ்சு திக்கென்றது. பதில் போகப்போவது கௌசிக்கின் போனுக்கு.

மூன்றாம் நாள் அவன் வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தான். கையில் போன்.

"அக்கா, இது நீங்க எழுதுனதுங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"எங்கப்பன் ஆடு பாக்கப் போறது வரைக்கும் எழுதிப்போட்டீங்களே" என்றவன் சிரிக்க ஆரம்பித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "நெசமாலுமே அந்தம்மா பலகை மேல உக்காந்து அழுதாங்களா? நான் உள்ளதான இருந்தேன். எனக்குத் தெரியாதே."

"உங்களுக்கு வெல்டிங் சத்தத்துல கேக்காதுங்க தம்பி."

மேடத்தின் பதிலைக் காட்டினான். 'கௌசிக், இந்த வகுப்பில் வந்ததிலேயே நேர்மையான கட்டுரை. நீங்கள் முதலாளியின் மகன். தேதி சொல்லும் அதிகாரத்தை அந்தப் பெண்ணுக்கு வாங்கிக் கொடுங்கள். என்ன நடந்தது என்று எழுதுவதே உங்கள் இறுதித் தேர்வு.'

முதலாளி முதலில் குதித்தார். "ஏன்டா, மொதலாளி நானா, அம்மணியா?" கௌசிக் தந்திரமாக, "இல்லீனா சர்ட்டிபிகேட் குடுக்க மாட்டாங்களாமுங்கப்பா" என்றான். பெண் வீட்டுக்குக் கொடுக்கிற தாள் அவர் கண் முன்னால் வந்திருக்க வேண்டும். "பரீட்சை முடியற வரைக்குந்தான், சொல்லிப்போட்டேன்" என்று இறங்கி வந்தார். நான் அலுவலகச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினேன். வைகாசி முகூர்த்தத்துக்கு நேராக, வண்டிக்கு ஒன்றாக இரண்டு கோடு போட்டேன். இரண்டும் சித்திரை பிறந்த வாரமே நிறைந்துவிட்டன.

மறு வாரம் அர்த்தநாரியும் கண்ணாத்தாளும் வந்தார்கள். இரண்டாவது வண்டி. வேறு பட்டறைக்குப் போயிருக்கலாமே என்றேன். "எங்க போனாலும் இதேதானுங்க அம்மணி. இங்கயாச்சும் டீ தர்றாங்க" என்றார் கண்ணாத்தாள். கேட்டது அதே வைகாசி முகூர்த்தம்.

மேசைக்குப் பின்னால் முதலாளி உட்கார்ந்திருந்தார், கதவோரம் கௌசிக் நின்றான். கரும்பலகையில் இரண்டு கோடும் நிறைந்து இருந்தன. இவ்வளவு படித்து, நோட்டு நிறைய எழுதி, நானும் 'முடியாது' என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது "ஆச்..." தான். அந்தச் சொல் என் நாக்கிலும் அத்தனை வருடமாக ஊறிக் கிடந்திருக்கிறது. முதலாளியைக் குற்றம் சொல்லிக்கொண்டே இருந்தேன், எதிரில் ஆசையோடு இருவர் உட்கார்ந்திருக்கும்போது முடியாது என்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. பலகையை ஒரு முறை பார்த்தேன்.

"வைகாசிக்கு முடியாதுங்க. ஆனி எட்டு நல்ல நாள். அன்னைக்குக் காலைல ஆறு மணிக்கு வண்டி வாசல்ல நிக்கும்."

அர்த்தநாரியின் முகம் சுருங்கியது. என்னை விட்டுவிட்டு முதலாளியிடம் திரும்பினார். "ஏனுங்க மாமா, நீங்க சொல்லுங்க. உங்க வாயில இல்லைன்னு நான் கேட்டதே இல்லையே."

முதலாளியின் உதடு அசைந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் கரும்பலகை வெறும் பலகை, நான் பழையபடி வசவுக்கு ஆள். அவர் மகனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "தேதி அம்மணிதான் சொல்லோணுமுங்க" என்றார். நாக்கைக் கடித்துக்கொண்டு சொன்னதுபோல் இருந்தது.

அவர்கள் டீயைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. எதிர்ப் பட்டறைக்குச் சேசிஸை ஓட்டிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து "ஆச்சுங்க" என்ற குரல் எங்கள் வாசல் வரை கேட்டது. முதலாளி என்னோடு நான்கு நாள் பேசவில்லை.

வைகாசி பிறந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன், எதிர்ப் பட்டறைக்குப் போன வண்டியையும் சேர்த்து. கௌசிக்கின் சான்றிதழ் வந்தது. பளபளவென்று அவன் பெயர். முதலாளி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார், கரும்பலகைக்குப் பக்கத்திலேயே. சும்மா சொல்லக் கூடாது, எனக்கு வயிறு எரிந்தது. கௌசிக் என் முகத்தைப் பார்க்காமல் ஆணி அடித்தான். "அக்கா, உங்க பேருக்கும் ஒண்ணு கேட்டுப் பாக்கட்டுங்களா?" என்றான். எப்படிக் கேட்பது? மேடத்தைப் பொறுத்தவரை நான் அவன் எழுதிய கட்டுரையில் வருகிற ஒரு அம்மா. அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பரீட்சை முடிந்துவிட்டது. இனிமேல் பலகை யாருடையது என்று முதலாளியும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் முதலாளி சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு, "நாளைக்கு மேச்சேரிப் பக்கம் போகோணும் சாமி" என்று ஆரம்பித்தார்.

"ரெண்டு வண்டியும் முடிஞ்சுதுங்க. பெயின்ட் நேத்தே காஞ்சிருச்சு."

சாவியை விரலில் சுற்றினார். "அப்ப நான் எதுக்குப் போறேன்?" என்று தனக்குள் கேட்டதுபோல் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் வந்தார், வெள்ளை வேட்டியில். தன் பட்டறையிலேயே எங்கே நிற்பது என்று தெரியாமல் தூணோரம் ஒதுங்கி நின்றார். வண்டி எடுக்க வந்த திருச்செங்கோட்டுக்காரர் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "உங்க கையால சாவியக் குடுங்க" என்றார். முதலாளி சாவியைக் கொடுத்தார். வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியது. அன்பரசு விசில் அடித்தார்.

வண்டி விலகியதும் எதிர்ப் பட்டறை தெரிந்தது.

அங்கே ஒரு லாரி பிரைமரோடு சாம்பல் நிறத்தில் நின்றது. பக்கத்தில் வேன். கண்ணாத்தாள் ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருந்தார், மடியில் மாலை. அர்த்தநாரி யாருக்கோ போன் போட்டுக்கொண்டே இருந்தார், எடுப்பார் இல்லை. நான் சொன்னதுதான் நடந்தது. சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். இல்லை, அந்தம்மாவைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகைதான் வந்தது.

முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். வெகுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம பட்டறையிலயும் இப்படித்தான் இருக்குமா சாமி? நான் ஊர்ல இல்லாதப்ப?"

"ஆமாங்க."

"எப்பவுமா?"

"ஒவ்வொரு நல்ல நாளைக்கும்."

அவர் உள்ளே போனார். ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு சாலையைத் தாண்டிப் போய்க் கண்ணாத்தாளிடம் கொடுத்தார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது. அலுவலகத்துக்குள் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார், நானும் பின்னாலேயே போனேன்.

போன் அடித்தது. அவர்தான் எடுத்தார். அந்தப் பக்கம் யாரோ ஆவணி முகூர்த்தத்துக்கு வண்டி கேட்டார்கள், குரல் எனக்கே கேட்டது.

"ஆச்..." என்றார் முதலாளி.

நிறுத்தினார். கண்ணை மூடித் திறந்தார். சான்றிதழைப் பார்க்கவில்லை, அதற்குப் பக்கத்தில் இருந்த பலகையைப் பார்த்தார்.

"கொஞ்சம் இருங்க. தேதி சொல்றவங்ககிட்டக் குடுக்கறேன்" என்று சொல்லிப் போனை என்னிடம் நீட்டினார். எழுந்து நாற்காலியையும் என் பக்கமாகத் தள்ளிவிட்டார். பதினான்கு வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்து, சாக்பீஸை எடுத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றேன்.