சர்க்கரைத் தண்ணீர் முட்டை

மச்சம் இல்லாமல் தரகம்மா கிடையாது என்பது அந்தப் படப்பிடிப்பு ஊரின் எழுதாத சட்டம். எந்த அரசர் காலத்துக் கதையாக இருந்தாலும் சரி, கல்யாணம் பேசி முடிக்க வருகிறவளுக்கு உதட்டுக்கு மேலே மிளகு அளவில் ஒரு கருப்பு மச்சம் இருந்தாக வேண்டும். கையில் சிவப்புக் கைக்குட்டை, நடையில் வாத்தின் அவசரம். மேக்கப் பெண் பசை தடவிய மச்சத்தை வைத்து அழுத்தும்வரை, தரகம்மா வேஷம் கட்டும் ஜின்ஃபாங் கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பசை அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. மச்சம் உட்காரும் இடத்தில் நிஜமாகவே ஒரு கருந்தழும்பு விழுந்துவிட்டது. பசையே வேண்டாம் அக்கா, இன்னும் கொஞ்ச நாளில் அதுவே வளர்ந்துவிடும் என்று மேக்கப் பெண் சிரித்தாள். ஜின்ஃபாங் சிரிக்கவில்லை. விடியற்காலையிலிருந்து கால் மாற்றி நின்றதில் அவளுக்குச் சிரிப்பதற்கும் ஒரு நாற்காலி தேவைப்பட்டது.

இப்போது எடுத்துக்கொண்டிருக்கும் தொடர் ஒரு பெரிய வீட்டுக் கதை. பெரிய மனைவிக்கு இரண்டு பெண்கள், சின்ன மனைவிகளுக்கு மூன்று. எந்தப் பெண்ணை எந்த வீட்டுக்குத் தள்ளிவிடுவது என்பதில் ஆரம்பித்து அதிலேயே முடிகிற கதை. ஜின்ஃபாங் இதில் மூன்று கல்யாணங்களைப் பேசி முடித்தாயிற்று. இத்தனை வருடத்தில் டிவியில் அவள் கரையேற்றிய பெண்களைக் கணக்கெடுத்தால் ஒரு சின்ன ஊரே தேறும். அப்படிப்பட்டவள் வீட்டில் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒன்று உட்கார்ந்திருக்கிறதே என்று குடியிருப்பில் யாரும் அவள் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. மாடிப்படி இறங்கும்போது அவள் முதுகிடம் சொல்வார்கள். அவர்களும் மனிதர்கள்தானே.

பெண்ணின் பெயர் ஷூயி. அவளுக்கும் இதே தொழில். கதாநாயகி முக்காடு போட்டுக்கொண்டு பல்லக்கில் வருவதாகத் திரையில் பார்க்கிறோமே, அந்த முக்காட்டுக்குள் இருப்பது கதாநாயகி இல்லை. அவள் ஏசி வண்டியில் பழம் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். உள்ளே இருப்பது ஷூயி. முக்காட்டை விலக்கும் நொடிக்கு முன்னால் கட் சொல்லிவிடுவார்கள். இவள் எழுந்து போவாள், அவள் வந்து உட்காருவாள். கல்யாண உடுப்பை இத்தனை தடவை போட்டுக் கழற்றினால் சொந்தக் கல்யாணம் எங்கிருந்து வரும், அதிர்ஷ்டத்தையெல்லாம் துணிமணி அறையிலேயே தேய்த்துவிட்டாள் என்பது கீழ்வீட்டு பான் அக்காவின் துணிபு.

ஆனாலும் வரன் கொண்டுவந்தது அதே பான் அக்காதான். மாப்பிள்ளை பெயர் தியேஜுன். பல்லக்குத் தூக்குகிற கூட்டத்தின் தலைவன், முன்கம்பு அவனுடையது. வடமேற்கே மலைநாட்டிலிருந்து வந்தவன். நாற்பது வயது, குடி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. இன்றைக்குச் சனிக்கிழமை.

இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் முதல் தடவை வரும்போது யாரும் வாய்விட்டுச் சம்மதமா என்று கேட்பதில்லை. பெண்ணின் அம்மா அடுப்படிக்குப் போவாள். சர்க்கரைத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தால் சம்மதம். வெறும் டீ வந்தால் இல்லை. வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு, மழை வரும்போல இருக்கிறது என்று எழுந்து போய்விடுவார்கள். யாருக்கும் முகம் சுருங்காது. ஜின்ஃபாங் அந்தக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படியிலிருந்து வெளியே வருவதைப் பல வருடமாக மனதுக்குள் நடித்துப் பார்த்திருக்கிறாள். அதில் மட்டும் அவளுக்கு மச்சம் இல்லை.

மத்தியானம் மூன்றாவது பெண்ணின் கல்யாணக் காட்சி. பல்லக்கு வாசலில் இறங்க வேண்டும், தரகம்மா திரையை விலக்கி மணப்பெண்ணின் கையைப் பிடித்து இறக்கி, நெருப்புச் சட்டியைத் தாண்டவைத்து உள்ளே அழைத்துப் போக வேண்டும். ஆடு, மாடு, மழை என்று ஏதோ ஒன்று ஒவ்வொரு தடவையும் கெடுத்தது. மறுபடியும், மறுபடியும். ஜின்ஃபாங் கையை நீட்டுவாள், சிவப்புச் சட்டைக் கைக்குள்ளிருந்து ஷூயியின் கை வரும். குளிர்ந்து, கனமாக, தூங்குகிற குழந்தையின் கை மாதிரி. பிடித்தால் பிடிக்கலாம், விட்டால் விழும்.

ஒரு இடைவெளியில் ஜின்ஃபாங் பல்லக்குப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். உள்ளிருந்து குரல் வந்தது.

"அம்மா, நாளைக்கு அவங்க எத்தன மணிக்கு வராங்க?"

"பத்துக்கு. நீ அந்தப் பச்சைச் சட்டையப் போடு. மூஞ்சிய இப்படி வச்சிக்காத."

"எப்படி வச்சிருக்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்? முக்காடு போட்டிருக்கேன்."

"உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா. அந்த ஆளத்தான் தெனமும் பாக்கறியே, எப்படி இருக்கான்?"

"மூஞ்சி தெரியாது. குனிஞ்சா கால்தான் தெரியும். வைக்கோல் செருப்பு. எல்லாரும் ஒரே செருப்புதான்."

"ஏண்டி, அப்ப நான் என்ன பண்ணட்டும்? முட்டை வைக்கட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லு."

தூங்கிவிட்டாளோ என்று ஜின்ஃபாங் திரையைத் தொட்டாள்.

"நீயே பாத்துக்க. வச்சாலும் சரி, வைக்காட்டியும் சரி. யாராவது கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா போறேன். தெனமும் அதத்தானே செய்யறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஜின்ஃபாங் திருப்பித் திட்டியிருப்பாள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பாள். ஷூயி அதை, மார்க்கெட்டில் கீரை இல்லை என்று சொல்வதைப்போலச் சொன்னாள்.

அடுத்த தடவை எல்லாம் சரியாக அமைந்தது. கையைப் பிடித்தாள், இறக்கினாள், "வாடியம்மா என் தங்கமே, ஆயிரம் வருஷம் வாழப்போற வீடு" என்று தன் வசனத்தைப் பாடினாள். ஷூயி நடந்தாள். ஒவ்வொரு காலையும் தண்ணீருக்குள்ளிருந்து எடுப்பதுபோல நடந்தாள். டைரக்டர் கட் சொன்னதும் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "இதுதான் வேணும். மனசில்லாம போற பொண்ணோட நடை. முதுகே சொல்லுது. யாரும் இதச் சொல்லிக்குடுக்க முடியாது" என்றார். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். முக்காட்டுக்குள்ளிருந்து, "கால் வலிக்குது சார்" என்று மட்டும் வந்தது. தாய்க்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டிய நேரம். ஜின்ஃபாங் இன்னும் அந்தக் கையை விடவில்லை.

ஞாயிறு காலை பத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் முன்னால் பான் அக்கா வந்து, அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில், இரண்டு பக்கமும் தெரிகிற நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தியேஜுன் தோள் அகலமானவன், உட்கார்ந்தபோதும் ஒரு தோள் தாழ்ந்தே இருந்தது. ஊரிலிருந்து வந்த ஒரு பெட்டி ஆப்பிளைக் கதவோரம் வைத்தான். அவன் அம்மா லூ அம்மாள் வாசலிலேயே நின்று ஜின்ஃபாங்கை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அடடே, நீங்க அந்தத் தரகம்மா இல்ல? மச்சம் எங்க?"

"ஞாயித்துக்கிழமை அதுக்கு லீவுங்க" என்றாள் ஜின்ஃபாங்.

"டிவியில பாத்தா ஊர் வாயெல்லாம் உங்க வாயில இருக்கும். எங்க தெருவுல உங்களத் திட்டாத பொம்பளை இல்ல. போன கதையில அந்த ரெண்டாவது பொண்ணக் குடிகாரனுக்குக் கட்டி வச்சிட்டீங்களே, நியாயமா?"

"எழுதிக் குடுத்தாங்க, பேசினேன்."

"அதுவும் சரி. நம்ம வீட்டுக்கு நல்லதாப் பேசிடுங்க, சம்பந்தி."

சம்பந்தி. உட்கார்ந்து நாற்காலி சூடாகவில்லை, அதற்குள். பான் அக்கா திருப்தியாகத் தலையாட்டினாள். ஷூயி பச்சைச் சட்டையில் வந்து, குனிந்து வணங்கி, டைரக்டர் சொன்ன இடத்தில் நிற்பதைப்போல நின்றுவிட்டு, தலைவலி என்று உள்ளறைக்குப் போனாள். கதவு முழுதாக மூடவில்லை.

ஜின்ஃபாங் அடுப்படிக்குப் போனாள். முட்டைகளை நேற்றே கழுவித் துடைத்து வைத்திருந்தாள். நல்ல நாட்டுக்கோழி முட்டை, தேடிப்போய் வாங்கியது. தண்ணீர் கொதித்தது. பொங்கிய ஆவியில் சுவர்க்கண்ணாடி மறைந்தது. ஒரு முட்டையைக் கையில் எடுத்தாள், பானையின் விளிம்புக்குக் கொண்டுபோனாள். நல்ல மனிதர்கள்தான். வேறு என்ன வேண்டும். பான் அக்கா நாளைக்கு மாடிப்படியில் என்ன சொல்வாள் என்பதும் தெரியும். ஆனால் கை உடைக்க மறுத்தது. நேற்று ஷூயியின் கையைப் பிடித்து எத்தனை தடவை கொண்டுபோய் விட்டாள். எத்தனை தடவை அது வந்தது, கேட்காமல், இழுக்காமல். இன்றைக்கு ஒருநாளாவது இந்தப் பெண்ணை யார் வீட்டு வாசலுக்கும் கொண்டுபோகாமல் இருக்கலாமே என்று அவளுக்குச் சலிப்பாக வந்தது. வேறு பெரிய காரணமெல்லாம் இல்லை. முட்டையைத் திரும்பக் கூடையில் வைத்துவிட்டு டீத்தூளைத் தேடினாள்.

தட்டில் டீயைக் கண்டதும் பான் அக்காவின் முகம் ஈரத்துணி போட்ட கொடிபோலத் தொங்கியது. தியேஜுன் குவளைக்குள் பார்த்தான். இந்த ஊரில் எட்டு வருடமாக இருப்பவன், அவனுக்குத் தெரியாதா. இரண்டு கையாலும் குவளையை எடுத்துக்கொண்டான். லூ அம்மாள் உறிஞ்சிக் குடித்தாள்.

"வாசமான டீ. எங்க பக்கம் இது கெடைக்காது. சரி சம்பந்தி, தேதி எப்ப வச்சிக்கலாம்? அறுவடைக்கு முன்னாடின்னா சொந்தக்காரங்க எல்லாம் வர முடியும்."

மலைநாட்டுக்காரிக்கு முட்டையும் தெரியாது, அது வராததும் தெரியாது. இதை ஜின்ஃபாங் நினைத்தே பார்க்கவில்லை. டீயைக் கொண்டு வைத்தால் வேலை முடிந்தது, மிச்சத்தை வழக்கம் பார்த்துக்கொள்ளும் என்றுதான் இருந்தாள். பான் அக்காவைப் பார்த்தாள். பான் அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"முட்டை வைக்கல" என்றாள் ஜின்ஃபாங்.

"அதனால என்ன. காலையில ரொட்டி சாப்ட்டுத்தான் வந்தோம்."

"இல்ல… இருந்துச்சு. வைக்கல."

"பரவால்ல சம்பந்தி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

இத்தனை வருடத்தில் அவளுக்கு எழுதிக்கொடுத்த வசனமெல்லாம் ஆமாம் என்று சொல்கிற வசனம். பொருத்தம் பிரமாதம், இதைவிட நல்ல இடம் அமையாது. வேண்டாம் என்பதை எந்தக் குரலில் சொல்வது என்று அவளுக்குப் பழக்கமில்லை. வாயைத் திறந்தால் தரகம்மாவின் இழுப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"வேணும்னேதான் வைக்கல, அக்கா. இங்க அதுக்கு அர்த்தம், வேண்டாம்னு. உங்க பையன்கிட்ட ஒரு குறையும் இல்ல. எம் பொண்ணுதான்… அவ ரொம்பக் களைச்சுப் போயிருக்கா. இப்ப யாரு கூப்பிட்டாலும் வந்துடுவா. அப்படி அனுப்ப எனக்கு மனசில்ல."

லூ அம்மாள் குவளையைக் கீழே வைத்தாள். மகனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். அவளுக்குக் கோபம் வரும் என்று ஜின்ஃபாங் தோளை இறுக்கிக்கொண்டு இருந்தாள். வரவில்லை. வெகுதூரம் ரயிலில் வந்த களைப்பெல்லாம் அப்போதுதான் அவள் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"களைச்சுப் போயிருக்கான்னு எனக்கும் தெரியும்" என்றாள். "இவன்தான் சொன்னான். பல்லக்குல ஏறினதும் தூங்கிடுவாளாம். நல்லாக் குலுக்குங்கடா, மணப்பொண்ணுன்னா குலுங்கணும்னு டைரக்டர் கத்துவாராம். இவன் பின்னாடி வர்ற பசங்களுக்குச் சைகை காட்டிட்டு அலுங்காம நடப்பானாம். எழுப்பிடக் கூடாதுன்னு. ரெண்டு தடவ கூலி புடிச்சிட்டாங்க. ஏண்டான்னு கேட்டேன். அதுக்கப்புறம்தான் பொண்ணு கேக்கலாம்னு எனக்கே…"

"அம்மா, போதும்" என்றான் தியேஜுன். காது சிவந்திருந்தது. அங்கே வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அது. "மழை வர்ற மாதிரி இருக்கு. கெளம்பலாம்."

வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

அவர்கள் படியிறங்கிய பிறகுதான் ஆப்பிள் பெட்டி கதவோரம் இருப்பதை ஜின்ஃபாங் பார்த்தாள். வேண்டாம் என்றால் கொண்டுவந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது. குனிந்து தூக்கப் பார்த்தாள், இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்குள் உள்ளறைக் கதவு திறந்து ஷூயி வந்தாள். அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தாள். அதில் நன்றியா, கோபமா என்று ஜின்ஃபாங்கால் சொல்ல முடியவில்லை. முக்காடு இல்லாமல் அந்த முகத்தைப் பார்த்தே நாளாகியிருந்தது.

"நீ விடு. நான் குடுத்துட்டு வரேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். செருப்பைச் சரியாக மாட்டாமல், இரண்டிரண்டு படியாக.

ஜின்ஃபாங் பால்கனிக்குப் போனாள். பான் அக்காவும் கூடவே வந்து கம்பியில் பாதி உடம்பைத் தொங்கவிட்டாள்.

"எல்லாத்தையும் கெடுத்துட்ட. ஊர்ல ஒருத்தி மூஞ்சிக்கு நேரா இப்படிச் சொல்லுவாளா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ன பேசறாங்கன்னு தெரியுதா?" என்றாள்.

"பேசாம இரு."

கீழே, பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில், ஷூயி அவர்களைப் பிடித்துவிட்டாள். பெட்டியை நீட்டினாள். லூ அம்மாள் தள்ளினாள். ஷூயி மறுபடி நீட்டினாள். அந்த இழுபறி கொஞ்ச நேரம் நடந்தது. பிறகு லூ அம்மாள் கால் வலி தாங்காமல் நிறுத்தத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். வழியில் இருவர் மட்டும் நின்றார்கள், நடுவில் தரையில் பெட்டி. தியேஜுன் ஏதோ சொன்னான், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு. அரண்மனைச் சேவகர் உடுப்பில் நாலு பேர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர்களைச் சுற்றிப் போனார்கள். தூரத்தில் பஸ் திரும்பியது. ஷூயி உட்கார்ந்து பெட்டியின் ஓரத்தைப் பிய்த்து ஒரு ஆப்பிளை எடுத்தாள். பச்சைச் சட்டையில் தேய்த்தாள். எழுந்து, அவன் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு, பெரிதாக ஒரு கடி கடித்து, அவசரப்படாமல் மென்றுகொண்டிருந்தாள். பஸ் வந்து, கதவைத் திறந்து நின்றது.