அடிக்காத பட்டை

மனித குல வரலாற்றிலேயே முதன்முறையாக, வெயில் அடிக்கிறதா இல்லையா என்பதை உப்பளத் தொழிலாளிக்கு விஞ்ஞானம் எடுத்துச் சொல்லப்போகிறது. மரக்காணம் உப்பளக் கரையில் கட்டியிருந்த பேனர் அப்படித்தான் முழங்கியது. அதில் திட்ட இயக்குநர் முனைவர் புருஷோத்தமன் ஆளுயரத்துக்குக் கைகூப்பிச் சிரித்தார். பட்டையைச் செய்த லிடியாவின் பெயர் அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே இருந்தது. எழுத்து அதைவிடச் சின்னது.

கையில் கட்டும் பட்டை. உள்ளே ஒரே ஓர் அணு கனத்தில் ஒரு படலம். உடம்பை ஒட்டிய பக்கம் சூடு, காற்றுப் பக்கம் குளிர்ச்சி. எலெக்ட்ரான்கள் சூட்டை விட்டுக் குளிர்ச்சிக்கு ஓடும். அந்த ஓட்டமே மின்சாரம், பேட்டரி வேண்டாம். உடம்பு அளவுமீறிக் கொதித்தால் பட்டை அலறும்.

இங்கே விடியுமுன் பாத்தியில் இறங்கி, ஒன்பதரைக்கெல்லாம் கரையேறிவிடுவார்கள். அன்று பதினொன்றாகியும் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் ஏறலையாண்ணே?" என்று மேஸ்திரி செல்லப்பனைக் கேட்டாள் லிடியா.

"பட்டை அடிச்சா ஏறலாம்மா. ஒண்ணுகூட அடிக்கலியே. இத்தினி நாளு சும்மா பயந்துக்கினு ஓடிட்டிருந்தோம்."

பாத்தியிலிருந்து அமுதவல்லி கையைத் தூக்கிக் காட்டினாள். "என்னா மேடம், உங்க பட்டை தூங்குதா? எங்க வூட்டுக்காரர் மாதிரியே இருக்குது!"

எல்லாரும் சிரித்தார்கள். லிடியா சிரிக்கவில்லை. வெப்பமானியைக் காற்றில் நீட்டினாள். முப்பத்தேழு. உடம்பும் ஏறக்குறைய அதுதான். இரண்டு பக்கமும் ஒரே சூடென்றால் எலெக்ட்ரான் எதற்கு ஓடும்? எந்த வெயிலுக்காகச் செய்தாளோ, அந்த வெயிலில் பட்டை செத்துக் கிடந்தது. காற்று நின்றிருந்தது. நாற்பது கைகளிலும் சத்தமில்லை.

"சார், உடனே ஏறச் சொல்லுங்க. பட்டை வேலை செய்யல."

"ஒரு அலாரம்கூட இல்ல, எல்லாரும் சேஃப்னு இப்பதாம்மா மைக்ல சொல்லிட்டு வர்றேன்," என்றார் புருஷோத்தமன். "பிரஸ் கிளம்பட்டும். பத்து நிமிஷம்."

லிடியா வரப்பில் ஓடினாள். "கழட்டிப் போட்டுட்டு ஏறுங்க! ஏறுங்க!"

முப்பத்தொன்பது பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அமுதவல்லி உப்புக் குவியல்மேல் கவிழ்ந்து கிடந்தாள். தோலில் ஒரு சொட்டு வேர்வை இல்லை.

இயக்குநரின் காரில் தூக்கிப்போட்டுப் புதுச்சேரிக்கு விரட்டினார்கள். டிரைவர் ஏசியைக் கூட்டினார். கூனிமேடு தாண்டும்போது கார் நன்றாகக் குளிர்ந்துவிட்டது. அவள் கையிலிருந்த பட்டை அலறியது.

அமுதவல்லிக்கு அதற்குள் மூச்சு நின்றிருந்தது.