ஒப்படைக்காமல் வந்த கூடாரம்

நர்ஸ் உடம்பு சரியில்லாமல் விடுப்பில் வீட்டுக்கு வந்த வாரத்தில், பால் வந்த பிறகும் செய்தித்தாள் வருவதற்கு முன்பும், அவளுடைய அக்கா வீட்டு மாடியில் முதல் குண்டு விழுந்தது. தண்ணீர்த் தொட்டி பிளந்து, கைப்பிடிச் சுவர் படிக்கட்டில் கொட்டியது. கையெட்டும் தூரத்தில் இருக்கும் பக்கத்து வீட்டில் கொடியில் காய்ந்த துணிகூட அசையவில்லை. அக்காவின் கணவர் டைல்ஸ் கடை வைத்திருப்பவர், எதையும் சதுர அடிக் கணக்கில் யோசிப்பவர். மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, குண்டுதான், அடுப்பை அணைத்துவிடு என்றார். அடுத்தது சமையலறை ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்தது.

நர்ஸ் கடல் தாண்டிப் போய், ஒரு நிவாரண அமைப்பின் கூடார ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். ஆஸ்பத்திரி என்று வானத்திலிருந்து தெரியும்படி கூரையில் பெரிதாக வரைந்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் குறி வைக்கிறார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். காமாலை முற்றி, காய்ச்சல் தலைக்கேறி, ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பி விழுந்தவளை ஸ்ட்ரெச்சரில் தூக்கி விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். கல்லீரல் பாதி கெட்டிருக்கிறது, அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அக்காவுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். வருடக்கணக்காகக் கூப்பிட்டும் வராதவளைக் காமாலையாவது கூட்டிக்கொண்டு வந்ததே என்று அவள் வெட்கமில்லாமல் எல்லோரிடமும் சொன்னாள்.

குண்டு விழுவதற்கு எங்கள் தெரு சீக்கிரமே பழகிக்கொண்டது. போலீஸ்காரர் ஒருவர் வந்து பீரோவில் இருந்த தோட்டா ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். சுட்டவன் விலாசம் தெரிந்தால் புகார் எழுதலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். குடியிருப்போர் சங்கம் கூடி, அது அவர்கள் வீட்டு விஷயம் என்றும், தூசி மட்டும் வெளியே வரக் கூடாது என்றும் தீர்மானம் போட்டது. நோயாளியைப் பார்க்கப் பழத்தோடு வந்த சித்தப்பாவின் வலது காதைச் சிதறிய இரும்புத் துண்டு ஒன்று சீவிக்கொண்டு போனது. தலைக்கு வந்தது காதோடு போயிற்று என்று ஆறுதல் சொன்னார்கள். அவரோ, காது போனதுகூடப் பெரிதில்லை, ரத்தம் சொட்டச் சொட்ட நின்றவனை உட்காரச் சொல்ல அந்த வீட்டில் ஒரு நாதி இல்லை என்று இன்றைக்கும் மூக்கால் அழுகிறார். டைல்ஸ்காரர் காலையில் ஓட்டைகளைப் பூசிவிட்டுக் கடைக்குப் போவார். சாயங்காலம் வந்து மறுபடி பூசுவார்.

அடுத்து, அடிபட்டவர்கள் வந்தார்கள். ஹாலில் சோபா இருந்த இடத்தில் இரும்புக் கட்டில்கள் முளைத்தன. முதல் கட்டிலில் லாரி டிரைவர் ஒருவர், இரண்டு கையும் மணிக்கட்டோடு போனவர். அடுத்ததில் தாடை இல்லாத கிழவர். மூன்றாவதில், சரிந்த குடலைத் தன் கையாலேயே அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். இன்னும் நான்கு பேர். தரையெல்லாம் ரத்தம். அக்கா முதல் நாள் வாந்தி எடுத்தாள், இரண்டாம் நாள் திட்டினாள், அதற்குப் பிறகு சாக்கு விரித்து அதன்மேல் நடந்து சமையலறைக்குப் போய்வந்தாள். டிரைவர் மட்டும் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் தன் மொழியில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னதான் கேட்கிறான் அவன் என்று அக்கா ஒருநாள் சலித்துக்கொண்டபோது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த நர்ஸ், "எங்களை யாரு எடுத்துக்கிட்டாங்கன்னு கேக்குறாரு" என்றாள்.

அந்தக் கூடாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்து போகிற நர்ஸ், வருகிற நர்ஸைக் கட்டில் கட்டிலாகக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொருவர் கதையையும் சொல்ல வேண்டும். வருகிறவள் கட்டிலின் கால்மாட்டைத் தொட்டு, எடுத்துக்கிட்டேன் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாதவரை போகிறவள் போக முடியாது, ஒரு கண் தூங்கக்கூட முடியாது. இவளை நினைவில்லாமல் தூக்கி வந்த அவசரத்தில் அதை யாரும் செய்யவில்லை. கூடாரம் அவள் பொறுப்பிலேயே கடல் தாண்டி வந்துவிட்டது. கூடாரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் குண்டும் விழும்.

திரும்பிப் போய் முறையாக ஒப்படைக்க வேண்டும் என்றாள் நர்ஸ். போனால் பிணமாகத்தான் வருவாய் என்றாள் அக்கா. அக்கா சொன்னது பொய்யில்லை. நர்ஸின் கண் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது, இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கியது. அக்கா தங்கையின் பாஸ்போர்ட்டை எடுத்து அரிசி டப்பாவில் புதைத்துவைத்தாள். வீடு இடிந்தாலும் பரவாயில்லை, இவள் கண்முன்னால் இருந்தால் போதும் என்பது அவள் கணக்கு. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், ஹால் கூரையைத் துளைத்துக்கொண்டு வந்த குண்டு அவள் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டு போனது. செருப்போடு அந்தக் கால் டிவி ஸ்டாண்டுக்கு அடியில் கிடந்தது. ரத்தம் எதிர்ச் சுவர்வரை பீய்ச்சி அடித்தது. எழுந்து நிற்கவே முடியாத நர்ஸ் ஓடிவந்தாள். அக்காவின் தொடைமேல் ஏறி உட்கார்ந்து, டைல்ஸ்காரரின் பெல்ட்டை உருவி, கரண்டிக் காம்பைச் செருகி முறுக்கினாள். அக்கா அலறியபோது, கத்து, நல்லாக் கத்து என்று சொல்லி இன்னும் முறுக்கினாள். ரத்தம் நின்றது. பேனாவை எடுத்து, கட்டுப் போட்ட நேரத்தை அக்காவின் நெற்றியில் எழுதினாள். அப்படித்தான் அங்கே செய்வார்கள். அந்த எழுத்து இன்றுவரை அழியவில்லை. இதைப் பார்த்துவிட்டு, பட்ட காலிலே படும் என்று வாசலில் நின்று சொன்ன சங்கச் செயலாளரை டைல்ஸ்காரர் பூச்சுக் கரணையை ஓங்கிக்கொண்டு தெருக்கோடிவரை துரத்தினார்.

"என்கிட்ட ஒப்படைச்சுட்டு நீ படு" என்றாள் அக்கா, கட்டிலில் கிடந்தபடி.

"இது உன் வேலை இல்லக்கா."

"கால் போச்சு. இன்னும் என் வேலை இல்லையா?"

அரிசி டப்பாவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தவர் டைல்ஸ்காரர். மனைவிக்கும் மைத்துனிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அந்த மனிதர் அன்றைக்குத்தான் அழுதார். நர்ஸ் புறப்பட்டபோது இரும்புக் கட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவள் பின்னால் உருண்டு போயின. எங்கள் தெரு ஒதுங்கி நின்று வழிவிட்டது. பேருந்து நடத்துநர், லக்கேஜ் அதிகம் என்று முனகியதாகவும், பிறகு தானே ஏற்றிவிட்டதாகவும் கேள்வி. அன்றோடு வீடு அமைதியானது. டைல்ஸ்காரர் ஓட்டைகளையெல்லாம் பூசி, வெள்ளையடித்து முடித்தார்.

ஆனால் அங்கே ஒப்படைக்க ஆள் இல்லை. அவளுக்குப் பதிலாக அனுப்பப்பட்டவள் வரும் வழியிலேயே வண்டியோடு எரிந்து போயிருந்தாள். வேறு ஒருத்தியை அனுப்புவதாகச் சொன்ன அமைப்பு, ஒவ்வொரு முறையும் அடுத்த மாதம் என்றது. எடுத்துக்கொள்ள ஆள் இல்லாததால் நர்ஸ் தூங்கவே இல்லை. போனில் அவள் குரல் நாளுக்கு நாள் மெலிந்தது. ஒருநாள் மதியம், பேச்சின் நடுவே சொல் குழறி, அக்காவையே யார் என்று கேட்டாள். இப்படியே விட்டால் குண்டே தேவையில்லை, தூக்கமில்லாமலே செத்துவிடுவாள் என்று அக்காவுக்கு விளங்கியது. ஊன்றுகோலை எட்டி எடுத்துக்கொண்டு ஹாலுக்கு நடுவில் போய் நின்றாள். டைல்ஸ்காரர் எழுந்து போய் ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றத் தொடங்கினார்.

"கட்டில் கட்டிலாச் சொல்லுடி" என்றாள் அக்கா.

"குண்டு விழும்க்கா."

"எனக்குத் தெரியாத குண்டா? சொல்லு. மொதல்ல டிரைவர்தானே?"

நர்ஸ் சொல்லத் தொடங்கினாள். டிரைவருக்குத் தண்ணீரை வாயில் ஊற்ற வேண்டும். கிழவரைத் தலை நிமிர்த்திப் படுக்கவைக்க வேண்டும். அந்தப் பெண்ணின் வயிற்றுக் கட்டை ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏழாவது கட்டில்வரை கேட்டுவிட்டு அக்கா சொன்னாள்: "எடுத்துக்கிட்டேன். நீ தூங்கு."

கட்டில்கள் வந்தன. வெள்ளையடித்த சுவரில் முதல் தோட்டா பாய்ந்தது.

அன்றிலிருந்து தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ஒரு வீட்டின்மேல் மட்டும் குண்டு விழுகிறது. சாயங்காலம் நர்ஸ் தூங்கி எழுந்து போனில் எடுத்துக்கிட்டேன் என்றதும் நின்றுவிடுகிறது. அக்கா ஒற்றைக் காலோடு கட்டிலுக்குக் கட்டில் தாவித் தண்ணீர் கொடுக்கிறாள். போன வருடம் தோளில் ஒரு துண்டு பாய்ந்தது. டைல்ஸ்காரர் மதியம் கடையை மூடிவிட்டு வந்து கூட நிற்கிறார். அவருக்கு இப்போது கட்டுப் போடத் தெரியும். தபால்காரர் எங்கள் தெருவுக்குக் காலையிலேயே வந்துவிடுகிறார். குண்டு விழுகிற அந்த நேரத்தில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை, பிள்ளைகள்கூடக் குரலை உயர்த்துவதில்லை. கடல் தாண்டி அங்கே தங்கை தூங்குகிறாள்.